சவுரியா, ஒட்டும் ரேப்பா, கிளிப்பா? மணப்பெண்ணுக்கு இயல்பாகத் தெரியும் இணைப்பு முடி எது?

கேள்வி: புதுக்குடியிருப்பு மல்லிகை

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் திருமணம் வருகிற ஆவணியில் எங்கள் ஊரிலேயே நடைபெற இருக்கிறது. மாசி மாதத்தில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து தேறியது. சித்திரைக்குப் பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கி, இடுப்புவரை தடித்துத் தொங்கிய பின்னல் இப்போது பாதியாக மெலிந்துவிட்டது. நீளம் இருக்கிறது, அடர்த்திதான் இல்லை.

அம்மா, கூறையோடு சேர்த்து ஒரு நல்ல சவுரியும் வாங்கினால் போதும் என்கிறார். ரொறொன்ரோவிலிருந்து வரும் அண்ணியோ, அங்கு எல்லோரும் ரேப் (tape) எனப்படும் பசைப்பட்டை முறையில் முடியை ஒட்டிக்கொள்வதாகவும் வரும்போது தானே கொண்டுவருவதாகவும் சொல்கிறார். இங்குள்ள அழகுக்கலை நிலையம் ஒன்றில் கேட்டபோது, கெரற்றின் என்ற புரதப் பசையைச் சூட்டில் உருக்கி ஒட்டினால் நான்கு மாதம் இருக்கும் என்று ஆசை காட்டினார்கள். ஆனால் அதை எப்படிக் கழற்றுவது என்று கேட்டதற்கு அவர்களிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை.

காலையில் முகூர்த்தத்திற்குப் பின்னலும் மாலையில் வரவேற்புக்கு விரித்த கூந்தலும் வேண்டும் என்பது அவள் விருப்பம். இரண்டிலும் ஒட்டுமுடி என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதும் அவள் நிபந்தனை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அளவுக்குக் கடினமானது. இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால் எந்த முறை பொருந்தும்? இப்போது எவை புழக்கத்தில் இருக்கின்றன?

பதில் 1: வவுனியா அலங்காரி

தங்கச்சி, நான் மணப்பெண் அலங்காரத்தைத் தொழிலாகச் செய்பவள். வவுனியாவிலிருந்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முள்ளியவளைப் பக்கமெல்லாம் வந்து போகிறேன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான வரி, கழற்றுவதைப் பற்றி நீங்கள் கேட்டதுதான். ஒட்டுகிற முறைகளில் பொருத்துபவர் யார் என்பதைவிட, ஆறு அல்லது எட்டு வாரம் கழித்து அதைக் கழற்றுபவர் யார் என்பதையே முதலில் கேட்க வேண்டும். மயிர் மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளர்வதால், ஒட்டிய இடம் இரண்டு மாதத்தில் தலைத்தோலிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்ரிமீற்றர் கீழே இறங்கித் தொங்கும். அப்போது அதை உரிய கரைப்பான் கொண்டு எடுத்து மீண்டும் மேலே ஒட்டத் தெரிந்தவர் அருகில் இல்லாவிட்டால், வீட்டில் இழுத்துப் பிடுங்கி, சொந்த மயிரையும் சேர்த்து இழக்க நேரிடும்.

ஒரு நாள் தேவைக்கு ஒட்டுமுறை வேண்டவே வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. கிளிப் வைத்த முடியும் பின்னலுக்கான ஒரு சவுரியும் போதும். இரண்டும் அன்று காலையில் ஏறி, இரவில் இறங்கிவிடும்.

இயல்பாகத் தெரிவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் முன்பைவிட இப்போது பெண்கள் கேட்பது மாறியிருக்கிறது. முன்பு மணப்பெண்கள் முழங்காலைத் தொடும் பின்னல் கேட்டார்கள். இப்போது வருகிறவர்களில் பலர், இது என்னுடைய முடிதான் என்று பார்ப்பவர் நம்பும்படி செய்து தாருங்கள் என்கிறார்கள். கைபேசியைப் பின்னாலிருந்து நெருக்கமாகப் பிடித்து எடுக்கும் படங்களும் காணொளிகளும் பெருகிவிட்டன. முன்பு மேடையிலிருந்து பார்த்தவர் கண்ணில் படாதது இன்று எல்லோர் கண்ணிலும் படுகிறது.

முதலில் காட்டிக்கொடுப்பது நிறம். இணைப்பு முடி எண்களால் விற்கப்படுகிறது. ஒன்று என்ற எண் மைக்கறுப்பு, ஒன்று பி என்பது சற்றே பழுப்புக் கலந்த இயற்கைக் கறுப்பு, இரண்டு அதைவிடப் பழுப்பானது. நம் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்று பி பொருந்தும். ஆனால் கடைகளில் அதிகம் தொங்குவது மைக்கறுப்பு. அதை மின்விளக்கின் கீழ் பார்த்தால் குற்றமே தெரியாது. முற்றத்து வெயிலில் பிடித்துப் பார்த்தால் நீலம் பாய்ந்து தனித்து நிற்கும். ஆகவே நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், அதுவும் சொந்த மயிரின் அடிப்பகுதியோடு வைக்காமல் நுனிப்பகுதியோடு வைத்து ஒப்பிடுங்கள். இணைப்பு கலக்கப் போவது அங்கேதான்.

அடுத்தது நுனி. வளர்ந்த கூந்தல் கீழே போகப் போக மெலியும். குட்டை இழைகள் நீக்கப்பட்டு, பெரும்பாலும் எல்லா இழையும் ஒரே நீளத்தில் நுனிவரை தடித்திருக்கும் முடியை டபிள் ட்ரோன் என்பார்கள். நீளம் கலந்து நுனி மெலிந்திருப்பது சிங்கிள் ட்ரோன். விலை கூடியதே சிறந்தது என்று எண்ணி டபிள் ட்ரோன் வாங்கி, மெலிந்த தலையில் விரித்துவிட்டால், தோளுக்கு மேல் ஒருவருடையதும் தோளுக்குக் கீழ் வேறொருவருடையதும் போலத் தெரியும். உங்கள் தங்கைக்கு விரித்த கூந்தலுக்குச் சிங்கிள் ட்ரோன் போதும். பின்னலுக்குள் மறைகிற சவுரி எதுவானாலும் பரவாயில்லை.

வைக்கும் இடம் மூன்றாவது. உச்சியிலிருந்து நான்கு விரற்கடை கீழே இறங்கி, கிடையாக வகிடெடுத்து, அடியில் இலேசாகச் சீவிப் பின்னோக்கிக் கலைத்துவிட்டு, அந்தச் சிறு மெத்தையில் கிளிப்பைப் பற்றவைப்பேன். நெற்றியோரம், காதோரம், பிடரியோரம் இரண்டு விரல் அகலம் வெறுமனே விடப்பட வேண்டும். காற்றடித்தாலும், குனிந்து பெரியோர் காலில் விழுந்து எழுந்தாலும், பற்றிய வரி வெளியே தெரியாதிருப்பது இதனால்தான். எடையையும் கவனியுங்கள். முழுத்தலைக்கு என்று நூறு முதல் நூற்றைம்பது கிராம் வரை விற்பார்கள். மெலிந்த தலை அதைத் தாங்காது, அதன் பாதியே போதும்.

பதில் 2: தேம்ஸ்கரை முள்ளியவளையாள்

அலங்காரி அக்கா சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். நான் இலண்டனில் ஒரு முடிதிருத்தகத்தில் இணைப்பு முடி பொருத்தும் வேலை செய்கிறேன் என்பதால், இங்கு நடப்பதைச் சொல்கிறேன்.

இங்கேயும் நீளத்தின் மோகம் குறைந்து அடர்த்தியின் தேவை கூடியிருக்கிறது. பக்கவாட்டில் மட்டும் சில இழைகள் சேர்த்து மெலிந்த இடத்தை நிரப்பிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். வெஃப்ற் எனப்படும் தைத்த வரிசையில் முன்பு இயந்திரத்தால் தைத்த தடித்த பட்டைதான் இருந்தது. பிறகு கையால் முடிந்த மெல்லிய பட்டை வந்தது. அதை இடையில் வெட்டினால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்பதோடு, முடிச்சுக்கு மேல் திரும்பி நிற்கும் குட்டை மயிர்கள் தலைத்தோலைக் குத்தி அரிப்பைத் தரும். இப்போது ஜீனியஸ் வெஃப்ற் என்ற பெயரில் விற்கப்படும் பட்டையில் அந்தக் குட்டை மயிர் இல்லை, தலையின் அளவுக்கு எங்கே வெட்டினாலும் பிரியாது, மெல்லியதாகவும் தட்டையாகவும் படுத்துக்கொள்ளும். ரேப்பிலும் மெல்லிய பட்டைக்குள் இழைகளை ஊடுருவ வைத்து, தோலிலிருந்தே முளைத்தது போலத் தெரியும் வகை வந்திருக்கிறது. இன்னொன்று ஹேலோ. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூலில் தொங்கும் ஒரே வரிசை அது. தலையைச் சுற்றி அணிந்து, மேல் மயிரை நூலின் மேலே இழுத்துவிட்டால் எதையும் பற்றவைக்காமலே நிற்கும். மெலிந்த கூந்தலுக்கு அதைவிட மென்மையான முறையை நான் பார்த்ததில்லை.

இங்கே நமக்கு ஒரு நன்மையும் உண்டு. மேற்கத்தியச் சந்தைக்கென்று நேராக்கி, வெளிறவைத்து, பொன்னிறம் பூசி வருகிற முடி நமக்கு வேண்டியதில்லை. இலேசான அலையுள்ள, நிறம் மாற்றப்படாத இந்திய முடிதான் நம் கூந்தலுக்கு நெருக்கமானது, அது குறைவாகவே பதப்படுத்தப்பட்டிருக்கும். அண்ணியிடம் ரேப்பை விட்டுவிட்டு, நிறம் மாற்றாத இயற்கை அலையுள்ள கிளிப் தொகுதி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ரேப் முறையே கெட்டது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். தெரிந்தவர் கையில் அது நல்ல முறை.

பதில் 3: வவுனியா அலங்காரி

தெரிந்தவர் கையில் என்பது சரி. ஆனால் தெரிந்தவர் கையிலும் வன்னியில் அதற்கு இரண்டு எதிரிகள் உண்டு. ரேப்பின் பசையைக் கரைக்க எண்ணெயே போதும். வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுகிற வீட்டில், ஒட்டிய ரேப் அடுத்த வெள்ளிவரை நிற்குமா என்பதே சந்தேகம். கெரற்றின் முடிச்சும் எண்ணெயில் இளகும். இரண்டாவது எதிரி வியர்வை. ஆவணி வெயிலில், மின்விசிறி போதாத மண்டபத்தில், ஓமப்புகையில் மணிக்கணக்காக அமர்ந்திருக்கும் பெண்ணின் தலைத்தோல் எப்படி இருக்கும் என்பதை இலண்டன் தங்கைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எண்ணெய் வைப்பதை நிறுத்து என்று எங்கள் பெண்களிடம் சொல்வதைவிட, வேறு முறையைத் தேடுவதே எளிது.

பதில் 4: வெள்ளைச் சீருடை

நான் தாதியாகப் பணியாற்றுகிறேன். முடியைப் பற்றிப் பேசுமுன் அந்தத் தலையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும்.

டெங்கு போன்ற கடும் காய்ச்சலுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மயிர் கொத்தாக உதிர்வது எதிர்பார்க்கக்கூடிய ஒன்றே. காய்ச்சலின் தாக்கத்தால் வளர்ச்சி நிலையில் இருந்த மயிர்களில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், பிறகு ஒன்றாக உதிர்கின்றன. பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் இதேதான் நடக்கிறது. வேர் அழியாததால் பெரும்பாலும் சில மாதங்களில் உதிர்வு நின்று மீண்டும் வளரும். ஆயினும் இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் இதே தோற்றத்தைத் தரும் என்பதால், குருதிப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வது நல்லது. வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து செதிலாக உரிந்தாலோ, இணைப்பு முடியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தோல் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

இப்போது அவருடைய நெற்றியோரத்தில் குட்டை மயிர்கள் நிமிர்ந்து நிற்கத் தொடங்கியிருக்கலாம். அவை புதிதாக முளைப்பவை. அவற்றில் கிளிப்பின் இழுவை படக்கூடாது. தொடர்ந்து இழுபடுகிற இடத்தில் மயிர் குறைவதை இழுவைச் சொட்டை என்கிறோம். ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் மீண்டும் வளரும், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் வேர் தழும்பாகி நிரந்தரமாகிவிடும். பாடசாலைக்கு இறுக்கி வாரிய இரட்டைப் பின்னலோடு பத்துப் பன்னிரண்டு வருடம் போய்வந்த எங்கள் பிள்ளைகள் பலரின் காதோரத்தைப் பார்த்தாலே இது விளங்கும். பொருத்திய இடத்தில் வலியோ, சிறு பருக்களோ வந்தால் அழகுக்காகப் பொறுத்துக்கொள்ளாமல் தளர்த்திவிடச் சொல்லுங்கள்.

ஒட்டும் பசைகளில் உள்ள அக்ரிலேற்றும், கறுப்புச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற இரசாயனமும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருகின்றன. நிறம் பொருந்தவில்லை என்றால் தங்கையின் தலைக்குச் சாயம் பூசாமல், இணைப்பு முடிக்குச் சாயம் பூசி நன்கு கழுவிக்கொள்ளுங்கள். கலியாணத்துக்கு முதல் வாரம் முகம் வீங்கி மருத்துவமனை விடுதிக்கு வருகிற மணப்பெண்ணைப் பார்ப்பது எங்களுக்கும் மனவருத்தம்.

பதில் 5: பரந்தன் கடைக்காரன்

மணப்பெண் அலங்காரப் பொருட்கள் விற்பவன் என்ற முறையில், வாங்கும்போது ஏமாறாமல் இருப்பதற்குச் சிலவற்றைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் எல்லாப் பொதியிலும் நூறு வீதம் மனித முடி என்றே எழுதியிருக்கும். அந்த எழுத்தை நம்ப வேண்டாம்.

இந்திய முடி இரண்டு வழியாகச் சந்தைக்கு வருகிறது. திருமலை, பழனி போன்ற கோயில்களில் காணிக்கையாக மழிக்கப்படும் முடி ஒரு வழி. திருமலைத் தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம்பிரித்து, 2011 முதல் இணையவழி ஏலத்தில் விற்கிறது. சீப்பிலும் குளியலறையிலும் உதிர்ந்ததைப் பாத்திரத்துக்கும் சில்லறைக்கும் வாங்கிச் சேர்ப்பது இரண்டாவது வழி. அந்த உருண்டைகளைச் சிக்கெடுத்து நீளவாரியாகப் பிரிக்கும் கைவேலை மேற்கு வங்காளத்தின் முர்சிதாபாத் போன்ற இடங்களில் பெருந்தொழில். பதப்படுத்தாத முடி வெளியே கடத்தப்படுவதைத் தடுக்கவென்று 2022 சனவரியில் இந்திய அரசு அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் விரலுக்குத் தெரியும். மயிரிழையின் மேல் நுண்ணிய செதில்கள், கூரைக்குக் கிடுகு வேய்ந்தது போல, வேரிலிருந்து நுனி நோக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஒரே கட்டாக மழித்த முடியில் எல்லாச் செதிலும் ஒரே திசையில் இருக்கும். அதைத்தான் ரெமி என்கிறார்கள். பொறுக்கிச் சேர்த்ததில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்து, செதிலோடு செதில் மாட்டிச் சிக்காகும். அதை மறைக்க அமிலத்தில் செதிலை உருக்கி எடுத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசி மினுக்குவார்கள். நாலைந்து முறை கழுவியதும் பூச்சுப் போய்விடும், முடி வைக்கோலாகும். ஆகவே ஓர் இழையை எடுத்து விரலிடுக்கில் மேலிருந்து கீழே உருவுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். கீழிருந்து மேலே உருவுங்கள், ரெமியானால் சற்றே பிடிக்கும். இரண்டு பக்கமும் கண்ணாடிபோல் வழுக்கினால் பூச்சு என்று வையுங்கள்.

செயற்கை இழையா என்று அறிய, ஓர் இழையை நெருப்பில் காட்டினால் போதும். மனித முடி சுருண்டு எரிந்து, இறகு கருகிய வாடையோடு, நசுக்கினால் பொடியாகும் சாம்பலைத் தரும். செயற்கை இழை உருகிக் கட்டியான மணியாகும். செயற்கையைக் கேவலமாகவும் எண்ண வேண்டாம். யப்பானின் கனேகா நிறுவனத்தின் கனேகலோன் போன்ற இழைகளில் செய்த சவுரி, பூவுக்கும் குஞ்சத்துக்கும் நடுவே பின்னிய பின் பிரித்தறிய முடியாதது, பையிலிருந்து போகும் பணமும் கொஞ்சம். மாலையில் விரித்து, சூடாக்கிச் சுருட்டப் போகிற கூந்தலுக்கு மட்டும் அது உதவாது.

பதில் 6: புதுக்குடியிருப்பு மல்லிகை

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மாவின் சவுரியும் அண்ணியின் கிளிப்பும் என்று வீட்டில் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிட்டன. குருதிப் பரிசோதனைக்கும் அழைத்துச் செல்கிறோம். அலங்காரி அக்கா, கிணற்றுத் தண்ணீர் பற்றிய கேள்வி மட்டும் மீதியாக நிற்கிறது. அந்த முடியை எதில் கழுவுவது? கலியாணத்துக்குப் பிறகும் எடுத்து வைத்துப் பயன்படுத்தலாமா?

பதில் 7: வவுனியா அலங்காரி

தண்ணீரின் கல்சியமும் மக்னீசியமும் சொந்த மயிரிலும் படிகின்றனதான். ஆனால் அதற்குத் தலைத்தோலிலிருந்து எண்ணெய்ப் பசை தொடர்ந்து இறங்குகிறது, இணைப்பு முடிக்கு அது கிடைப்பதில்லை. கடினமான தண்ணீரில் சில தடவை கழுவினாலே சொரசொரத்து மங்கிவிடும். வன்னியில் இப்போது பல ஊர்களில் குடிப்பதற்கென்று ஆர்.ஓ. தண்ணீர் விற்கிறார்களே, அதில் ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். மாரியில் பிடித்து வைத்த மழைநீர் இருந்தால் அதுவும் நல்லது. ஷம்பூவை முடியில் நேரே ஊற்றாமல் தண்ணீரில் கரைத்து, முடியை அதில் தோய்த்து, மேலிருந்து கீழாக மட்டும் விரலால் உருவுங்கள். துணி துவைப்பதுபோல் கசக்கினால் சிக்கு ஏறும். ஏற்கெனவே படிவு ஏறிய முடியென்றால், இ.டி.ரி.ஏ. கலந்த, படிவு நீக்கும் ஷம்பூ ஒருமுறை போடலாம். பிறகு நடுப்பகுதியிலிருந்து நுனிவரை கண்டிசனர் பூசி அலசி, வெயிலில் போடாமல் நிழலில் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

இவ்வளவும் செய்தால், நல்ல ரெமி முடியைத் தங்கையின் முதல் ஆடிப்பிறப்புக்கும், அடுத்த வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் எடுத்து வைக்கலாம். சூடாக்கும் கருவி நூற்றெண்பது பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது.

அண்ணி முடியைக் கொண்டுவந்ததும், முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக ஒருநாள் தங்கையை ஒத்திகைக்கு அழைத்து வாருங்கள். அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம். முதல் நாளே முழுகி நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும், ஈரத்தில் நிறமும் தெரியாது, அலையும் தெரியாது. வரவேற்புக்கு அணியப்போகும் சேலையின் இரவிக்கையையும் கையோடு கொண்டுவாருங்கள். முதுகு எவ்வளவு இறக்கி வெட்டியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் கூந்தலின் நுனியை எந்த இடத்தில் நிறுத்துவது என்று நான் தீர்மானிப்பேன். கத்தரிக்கோலை அதற்குப் பிறகுதான் எடுப்பேன், அதுவரை அந்த முடியை யாரும் வெட்டித் திருத்த வேண்டாம்.